தெற்கே பார்த்தால் வலக்கை மேற்கு

வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில் வட்டிக் கணக்கு எனக்குப் பயமில்லை. திசைக் கணக்குதான் காலை வாரிவிடும். ஒருவர் தெற்கு நோக்கி 5 கிலோமீட்டர் நடந்து, வலப்பக்கம் திரும்பி 12 கிலோமீட்டர் போகிறார். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் இருக்கிறார்? தூரம் 13 என்று உடனே வந்துவிடும். திசையைத் தென்கிழக்கு என்று குறித்துவிடுவேன். விடை தென்மேற்கு. தாளில் கீழ்நோக்கி அம்பு போட்டதுமே, என் வலக்கைப் பக்கம்தான் அவருக்கும் வலப்பக்கம் என்று தோன்றிவிடும். ஒரு முறை அரை மதிப்பெண்ணில் தேர்வு போயிற்று.

காரைக்காலில் பிறந்தவனுக்கு இது அவமானம்தான். எங்கள் வீட்டில் இடம், வலம் என்ற பேச்சே கிடையாது. "கிழக்கால இருக்குற சொம்ப எடு", "கொஞ்சம் தெக்கால தள்ளிப் படு" என்றுதான் அப்பாயி சொல்வாள். அரசலாறும் நாட்டாறும் கிழக்கே இறங்கிக் கடலில் சேரும் ஊர் இது. மேடான பக்கம் மேல், அதனால் மேற்கு. தண்ணீர் இறங்கும் பக்கம் கீழ், அதனால் கிழக்கு. மேலகாசாக்குடி, கீழகாசாக்குடி என்று ஊர்ப்பெயரிலேயே திசை இருக்கிறது.

ஒருநாள் என் நோட்டைப் பார்த்து அப்பாயி கேட்டாள்: "இந்த ஆளு எந்த ஊருல நடக்குறான்?"

"எந்த ஊருமில்ல அப்பாயி. கணக்குல நடக்குறான்."

"ஊரே இல்லாம நடந்தா தொலைஞ்சுதான் போவான். நம்ம ஊருல நடக்க விடேன்."

விட்டேன். தெற்கே நாகூரைப் பார்த்து நடந்தால் கடல் இடக்கைப் பக்கம். அப்படியானால் வலக்கை திருநள்ளாறு பக்கம், மேற்கு. வடக்கே தரங்கம்பாடியைப் பார்த்தால் கடல் வலக்கைக்கு வந்துவிடும். காலை வெயிலில் ஒருவரின் நிழல் வலப்பக்கம் விழுகிறதா? சூரியன் கடல் பக்கம். கடல் அவருக்கு இடப்பக்கம். ஆகவே தெற்கே பார்த்து நிற்கிறார். அதற்குப் பிறகு திசைக் கணக்கு தப்பவில்லை. வேலையும் கிடைத்தது.

போட்டது கொச்சியில். அங்கே கடல் மேற்கே. கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்று பழகிய உடம்பு கேட்கவே இல்லை. யாராவது வழி கேட்டால் வடக்கு என்று சொல்லித் தெற்கே கைகாட்டுவேன். போனில் அப்பாயியிடம் சொன்னேன். சிரித்தாள். "கடல் ஒனக்கு மேக்கால இருந்தா என்ன? நான் கிழக்கால இருக்கேன். அத வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். வரைபடத்தில் பார்த்தால் காரைக்கால் கொச்சிக்குக் கிழக்கே, சற்று வடக்கே தள்ளி, நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர்.

ரயில் நேர்கோட்டில் போவதில்லை. அப்பாயி போய்விட்டாள் என்று தகவல் வந்த இரவு எர்ணாகுளத்தில் ஏறினேன். வடக்கே திருச்சூர், பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, ஈரோடு. அங்கிருந்து தென்கிழக்கே திருச்சி. கிழக்கே தஞ்சாவூர், திருவாரூர். நாகப்பட்டினத்தில் ரயில் இடப்பக்கம் திரும்பியது. கிழக்கே போனவன் இடப்பக்கம் திரும்பினால் வடக்கு. கடல் வலக்கைக்கு வந்தது.

கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தெற்கே தலை, வடக்கே கால், முகம் மேலே. வலக்கை கடல் பக்கம். இதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.