இரண்டு கார்புரேட்டரும் கால் அங்குல டியூபும்

மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்று தெரிந்தால் போதும், நம்மூரில் மிக்ஸியையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான் என்பது கவென்ட்ரிக்கு மேற்படிப்புக்கு வந்த பிறகு தெரிந்தது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். எனக்கு வாய் வரவில்லை, இன்னும் "சார்"தான். அவர் என் முன் கொண்டுவந்து நிறுத்தியது மிக்ஸி இல்லை. 1970இல் செய்த ட்ரையம்ப் போனவில் டி120. 649 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1956இல் ஜானி ஆலன் என்பவர் ட்ரையம்ப் எஞ்சின் வைத்த நீளமான கூட்டு வண்டி ஒன்றை அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில் மணிக்கு 214 மைல் வேகத்தில் ஓட்டினார். அந்தப் பெயரைத்தான் 1959 மாடலுக்கு வைத்தார்கள். கம்பெனி இருந்தது கவென்ட்ரிக்குப் பக்கத்தில், மெரிடன் என்ற ஊரில். வீட்டுக்காரர் இளவயதில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1973இல் ஆலையை மூடப்போகிறோம் என்று நிர்வாகம் சொன்னதும் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்களே, அதில் இவரும் இருந்திருக்கிறார். பிறகு 1975இல் அது தொழிலாளர் கூட்டுறவாக மாறி, 1983இல் ஒரேயடியாக மூடப்பட்டது. "அப்படியென்றால் கார்புரேட்டர் எல்லாம் உங்களுக்கு அத்துப்படியாக இருக்குமே சார்" என்றேன். "நான் இருந்தது சக்கரம் கோர்க்கும் பிரிவு. ஸ்போக் பற்றிக் கேள், சொல்கிறேன்" என்றார். :-)

சரி, பிரச்சினைக்கு வருவோம். வண்டி நிற்கும் கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதே கராஜின் சுவரில்தான் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் மாட்டியிருக்கிறது. அந்தக் கராஜுக்கு நேர் மேலே இருப்பது என் அறை. வண்டியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவிப் போய் ஏதாவது ஒரு பொறியைத் தேடும். இனிமேல் ஒருதரம் பெட்ரோல் வாசனை வந்தாலும் வண்டியை விற்றாக வேண்டும் என்று அவருடைய மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்மணி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முதல் வேலையாக டேங்கைக் காலி செய்து, வண்டியைத் தோட்டத்துக் கோடியில் இருக்கும் மரக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

சொட்டுவதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஸ்லோவில் நிற்காது. சிக்னலில் நின்றால் ஒன்று அணையும், இல்லாவிட்டால் கத்தும். சில சமயம் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காது. காரணம் கார்புரேட்டர்கள்தான். இரண்டும் அமல் கான்சென்ட்ரிக், 930 என்ற எண். அதாவது 30 மில்லிமீட்டர் துளை. அமல் என்பது பர்மிங்காம் கம்பெனி. 1927இல் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. அறுபதுகளில் ரோட்டில் ஓடிய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இவர்கள் சரக்குதான்.

கான்சென்ட்ரிக்கின் வியாதி அதன் உலோகத்திலேயே இருக்கிறது. உடம்பும் துத்தநாகக் கலவை, உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் துத்தநாகக் கலவை. ஒரே ஜாதி உலோகங்கள் ஒன்றையொன்று உரசினால் இரண்டுமே தேயும். தேய்ந்த இடைவெளி வழியாகக் காற்று புகும், ஸ்லோ கெடும். அது மட்டுமில்லை, கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் நட்டுகளை "நல்லா டைட்டா இருக்கட்டும்" என்று முறுக்கினால் அந்த முகப்பு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். வளைந்தால் ஸ்லைடு சிக்கும். இவருடைய வண்டியில் இரண்டும் நடந்திருந்தது. கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தோம். முகப்பின் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

என்ன மாட்டுவது? இதில்தான் எங்களுக்குள் ஒரு வாரம் வழக்காடு மன்றம் நடந்தது.

என் கட்சி, ஒரே ஒரு மிக்குனி போதும் என்பது. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும்; ஆனால் மாறி மாறி வெடிக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு வெடி, சீரான இடைவெளி. ஆகவே ஒரே கார்புரேட்டர் இரண்டு பக்கமும் ஒழுங்காக ஊட்டிவிடும். இரட்டைக் கார்புரேட்டரால் கிடைக்கும் லாபம் உச்ச வேகத்தில்தான். எழுபது வயதுக்காரருக்கு அது எதற்கு? இரண்டையும் ஒத்திசைய வைக்கும் தலைவலியும் மிச்சம். மிக்குனியில் குளிர்கால ஸ்டார்ட்டுக்கு ஒழுங்கான ஏற்பாடும் உண்டு. அமலில் டிக்லர் என்ற குமிழை விரலில் பெட்ரோல் வழியும்வரை அழுத்த வேண்டும். (நாம் பயப்படுவதே வழியும் பெட்ரோலுக்கு!)

இன்னொரு சுவாரசியமும் இருக்கிறது. மிக்குனி ஒன்றும் வேற்றாள் இல்லை. ஜப்பானில் அமலின் உரிமம் வாங்கி கார்புரேட்டர் செய்த கம்பெனிதான் அது. அந்த மிக்குனியோடு கைகோத்துத்தான் சென்னையில் யூகால் கம்பெனி வந்தது. ஊரில் என் மாமாவின் பழைய புல்லட் 350இல் இருந்த மிக்கார்ப், யூகால் செய்தது. புல்லட்டே கூட இங்கே பர்மிங்காமுக்குப் பக்கத்து ரெடிச்சிலிருந்து 1955இல் சென்னைக்கு வந்த வண்டி. ஆக மிக்குனியை மாட்டினால் அமலின் பேரனை மாட்டுவது மாதிரிதான் என்று வாதாடினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "ஒற்றைக் கார்புரேட்டர் வேண்டுமென்றால் அன்றைக்கே டி.ஆர்.6 வாங்கியிருப்பேன், தம்பி." (அவர் சொன்ன ஆங்கில வார்த்தைக்கு நம்மூர் "தம்பி"தான் சரியாக வரும்.) டி.ஆர்.6 என்பது இதே 650 எஞ்சினுக்கு ஒற்றைக் கார்புரேட்டர் வைத்து ட்ரையம்பே விற்ற மாடல். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? போனவில்லில் ஒரு கார்புரேட்டரைக் கழற்றினால் அது டி.ஆர்.6 ஆகிவிடுகிறது, வாஸ்தவம்தான். எஞ்சினியரிங் கணக்குப்படி என் கட்சியே சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வண்டி என்னுடையது இல்லை.

கடைசியில் அமல் பிரீமியர் என்று முடிவாயிற்று. அமல் கார்புரேட்டர்களை இப்போது சாலிஸ்பரியில் பர்லன் என்ற கம்பெனி செய்கிறது. பிரீமியர் பார்ப்பதற்கு அதே கான்சென்ட்ரிக்தான். ஆனால் வியாதிகளுக்கு மருந்து உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஸ்லைடு, மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட அலுமினியம். மிதவை, எத்தனாலுக்கு அசையாத வகை. பைலட் ஜெட்டைத் திருகிக் கழற்றலாம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பழையதில் பைலட் ஜெட் உள்ளே அழுத்திச் சொருகப்பட்டிருக்கும். அடைத்துக்கொண்டால் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளை வழியாக 0.016 அங்குல டிரில்லையோ அதே கனமுள்ள கிட்டார் கம்பியையோ குருடன் மாதிரி உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். கிட்டார் கம்பியை ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் விற்பதால் இது வசதி. எங்கள் டூல் பாக்ஸில் இன்றும் ஒரு கம்பி கிடக்கிறது.

கார்புரேட்டர் வந்த பெட்டியைத் திறப்பதுதான் சந்தோஷமான பகுதி. மாட்டுவது ஒரு மணி நேரம். மீதி மூன்று வாரமும் டியூப்பில் போயிற்று, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

சொட்டலுக்குக் காரணம் கார்புரேட்டர் இல்லை, டியூப். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டன் பங்குகளில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். 1970இல் வண்டியை வடிவமைத்தவர்கள் இதை நினைத்திருக்க நியாயமில்லை. எத்தனால் சில ரப்பர்களை ஊதவைக்கும், சிலவற்றைக் காயவைத்து வெடிக்கவைக்கும்; காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அவர் முந்தின வருஷம்தான் ஆன்லைனில் ஒரு கடையில் மலிவாக டியூப் வாங்கிப் போட்டிருந்தார். "எத்தனால் ப்ரூஃப்" என்று போட்டு விற்றார்களாம். டியூப்பின் மேல் ஒரு எழுத்து, ஒரு எண் கிடையாது. வளைத்துப் பார்த்தால் மேல்தோலெல்லாம் பொடிப்பொடியாக வெடிப்பு.

புதிதாக வாங்கியது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று உடம்பு நெடுக அச்சடித்த டியூப். இதன் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர். எத்தனால் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அச்சை மட்டும் நம்ப எனக்கு மனசில்லை, அச்சடிக்க யாருக்கும் மெஷின் கிடைக்கும். ஆகவே பழைய டியூப்பில் ஒரு துண்டு, புதியதில் ஒரு துண்டு, இரண்டையும் ஒரு தகர டப்பாவில் இ10 பெட்ரோலில் போட்டு மூடிக் கொட்டகையில் இரண்டு வாரம் வைத்தேன். பழையது சொதசொதவென்று ஊதி, நகத்தால் கீறினால் கையில் வந்தது. புதியது வெர்னியரில் அளந்தால் போட்ட அன்று இருந்த அதே அளவு. மகளை அழைத்து இரண்டையும் காட்டினோம். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இந்த ஊதினது இத்தனை நாள் பாய்லருக்குப் பக்கத்திலா இருந்தது?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் தரையைப் பார்த்தார்.

டியூப்பை ஓட்டும் விதத்துக்கும் கணக்கு உண்டு. இதில் பம்ப் எதுவும் இல்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. உயர வித்தியாசமோ கொஞ்சம். டியூப் நடுவில் மேடு கட்டினால் அங்கே ஆவி நின்று அடைக்கும். சிலிண்டர் துடுப்புகளைத் தொட்டால் கொதிக்கும். நடுவில் அழகுக்காக மாட்டியிருந்த கண்ணாடி ஃபில்டரைத் தூக்கி எறிந்தோம். காக்கில் ஒரு வலை இருக்கிறது, கார்புரேட்டர் வாயில் இன்னொரு வலை இருக்கிறது, அது போதும். ஃபில்டர் என்றால் கூடுதலாக இரண்டு மூட்டு, அதாவது சொட்டுவதற்குக் கூடுதலாக இரண்டு இடம். இந்த வண்டியில் டேங்கின் கீழ் இரண்டு காக். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் குறுக்கு டியூப் ஒன்று உண்டு. ஒரு காக்கை மட்டும் திறந்தாலும் இரண்டுக்கும் பெட்ரோல் போக வேண்டும் என்பதற்காக. அந்தக் குறுக்கு டியூப் மடங்கினால் தூரத்தில் இருக்கும் கார்புரேட்டர் பட்டினி. ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடிப்போனாலே மடங்குகிறது. வெட்டி, மாட்டி, கழற்றி, மறுபடி வெட்டி என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

அளவு கால் அங்குலம். கடையில் மில்லிமீட்டர் டியூப்தான் முன்னால் கிடக்கும். எட்டு மில்லிமீட்டர் சுலபமாக ஏறும். அதனாலேயே அது வேண்டாம். கால் அங்குல டியூப் அடம்பிடிக்கும். நுனியைச் சுடுதண்ணீரில் அரை நிமிஷம் வைத்து அழுத்தினால் ஏறிவிடும். கிளிப்பும் அந்த அளவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பெரிய திருகு கிளிப்பை இறுக்கினால் அதன் பல் டியூப்பையே அறுக்கும்.

முகப்பு நட்டுகளை இந்தத் தடவை நான் விரல் நுனியில் ஸ்பேனரைப் பிடித்துத்தான் முடுக்கினேன். ஓ-ரிங் அமுங்கினால் போதும். பிறகு ஆக்ஸிலேட்டர் கேபிள். கைப்பிடியிலிருந்து ஒன்று கிளம்பி டேங்குக்கு அடியில் இரண்டாகப் பிரியும். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டை இரண்டு ஸ்லைடுக்கு அடியிலும் வைத்து, கைப்பிடியை மெல்லத் திருகி, இரண்டும் ஒன்றாக விழுகிறதா என்று பார்ப்பது பழைய வித்தை. அதைத்தான் செய்தோம். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்துவிட்டு, வண்டியை வாசலுக்குத் தள்ளினோம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை. இரண்டு காக்கையும் திறந்துவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் செருகி, ஒரு மணி நேரம் டீ குடித்தோம். மகள் தானே வந்து ஒவ்வொரு பேப்பராக உருவி முகர்ந்து பார்த்தார். ஆறும் காய்ந்திருந்தன.

மூன்றாவது உதையில் பிடித்தது. சூடாகும்வரை காத்திருந்து ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று அப்படி இப்படித் திருப்பியதும் ஸ்லோ உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிலேட்டரில் மட்டும் ஒரு விக்கல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இ10 போட்டால் கலவை சற்று மெலிந்துவிடும். இரண்டு ஊசிகளையும் ஒரு வெட்டு உயர்த்தினோம், விக்கல் போயிற்று. அடுத்த ஞாயிறு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மெரிடன் பக்கம் போனார். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஒரு தெருவின் பெயர் போனவில் குளோஸ். இறங்கவில்லை, வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை, ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்.

வண்டி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. கராஜுக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை, நானும் சிபாரிசு செய்யவில்லை. நிறுத்தியதும் இரண்டு காக்கையும் மூடுவது இப்போது அவருக்குப் பழகிவிட்டது. தேய்ந்த அமல்கள் இரண்டும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. துளையைக் கடைந்து உள்ளே உறை போட்டால் மறுபடி ஓடும் என்கிறார். ஓடும்தான். அதற்கு இன்னொரு வண்டி வேண்டும் என்று மகள் காதில் விழாதபடி சொன்னார்.