போதும் எனச் சொல்லும் நுண்பொருள்

எழுத்துகளுள் தனித்து இயங்காதவற்றைச் சார்பெழுத்து என்பர் இலக்கண நூலார். தொல்காப்பியர் அவற்றை மூன்றென்றார், நன்னூலார் பத்தென்றார். உயிரணுவுக்குள்ளும் அத்தகைய சார்புப்பொருள் ஒன்றுண்டு என அறிந்தபோது வியந்தேன். அதுவே மைக்ரோ ஆர்.என்.ஏ. ‘நுண் ஆர்.என்.ஏ.’ எனலாம்; பாதி மொழிபெயர்ப்புதான், ஆயினும் பொருள் விளங்குகிறது. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உடைய அது, தானாக எப்புரதத்தையும் ஆக்குவதில்லை. புரதம் ஆக்குமாறு செல்லும் தூது ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு, அச்செய்தி நிறைவேறாமல் தடுப்பதே அதன் தொழில். விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகிய அறிஞர்கள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவொன்றில் இதனைக் கண்டு 1993-இல் வெளியிட்டனர். நோபெல் பரிசு 2024-இல்தான் வந்தது.

இதனைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவர் எங்கள் தெருப் பள்ளிவாசல் மோதினார். பாங்கின் நெடுந்தொடரை ஒரே மூச்சில் ஒலித்தவர், இடையிடையே நிறுத்தலானார். நுரையீரலில் நார்ப்பெருக்கம், அதிலும் காரணம் புலப்படாத வகை என்றனர் மருத்துவர். “பீடியே தொட்டதில்லையே தம்பி, எனக்கு ஏன் இது?” என்றார் அவர்.

‘ஏன்’ என்பதற்கு என்னிடம் விடையில்லை. ‘எவ்வாறு’ என்பதற்கே ஓரளவு உண்டு. காயம் ஆறுவதற்குக் கொலாஜென் என்னும் நார்ப்புரதம் வேண்டும். ஆறியபின் ‘போதும்’ எனச் சொல்பவற்றுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. 29. இந்நோயில் அது குறைகிறது. லெட்-7டி என்பதும் குறைகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 21-ஓ மிகுகிறது. நார்ப்பெருக்கத்தைத் தூண்டுவது டி.ஜி.எஃப். பீட்டா, அதற்குத் தடையாக நிற்பது ஸ்மாட் 7 என்னும் புரதம், அந்தத் தடையையே 21 ஒடுக்கிவிடுகிறது. காவலனைக் கட்டிப்போட்ட கதைதான். காற்றறைகளின் மெல்லிய சுவர் தடித்து, உயிர்வளி குருதியிற் கலக்க இடர்ப்படுகிறது.

மோதினாரிடம் இதைச் சொன்னபோது, “உள்ளே போதும் என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதானே?” என்றார். இதனினும் தெளிவாக எந்நூலிலும் நான் படிக்கவில்லை.

குறைந்ததை வெளியிலிருந்து ஈடுசெய்ய முயன்றோரும் உளர். 29-ஐ ஒத்த செயற்கை மூலக்கூற்றைச் செலுத்தியபோது எலிகளின் நுரையீரலில் நார் குறைந்தது. மனிதர்க்குரிய மருந்தாக அது இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் 2014-இல் ஒப்புதல் பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் நோயின் விரைவைத் தணிப்பவை. படிந்த நாரை அகற்றமாட்டா. அவற்றுள் முன்னதைத்தான் மோதினார் நாள்தோறும் உட்கொண்டு வருகிறார்.