ஒரு விரலால் காட்டச் சொன்னவருக்கு

மெல்போர்ன், லா ட்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜில் குக் அவர்களுக்கு,

நான் வாலிபால் அணியொன்றின் ஃபிசியோ. உங்களை நேரில் பார்த்ததில்லை. ஆனால் வீரர்களின் முழங்காலை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை உங்கள் கட்டுரைகளில்தான் படித்தேன். அந்தக் கடனுக்குத்தான் இந்த மடல்.

போன சீசனில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அணியின் முக்கியமான அட்டாக்கர். கூடவே அப்பா, அவர் கையில் எம்.ஆர்.ஐ. படம் போட்ட பெரிய கவர். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் பாதிக் கிழிசல் என்று ரிப்போர்ட். அதைப் பார்த்த யாரோ ஒருவர், “இனிமே குதிக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டாராம். அப்பா கவரைப் பிரிக்கப் போனார். “அது இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டும்மா என்றேன்.

சில்லின் கீழ்முனையில் ஆள்காட்டி விரலை வைத்தாள். வைத்த விரல் நகரவில்லை. சில்லுக்குப் பின்புறம் கோளாறு இருப்பவர்கள் உள்ளங்கையால் முழங்கால் முழுக்கத் தடவிக் காட்டுவார்கள்; அவர்களுக்குப் படி இறங்கினாலும், சினிமாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். இவளுக்கு நடந்தால் வலியில்லை, பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தும் வலியில்லை. 25 டிகிரி சரிவுப் பலகையில் (தச்சரிடம் சொல்லிச் செய்தது) ஒற்றைக் காலில் நிற்க வைத்து முழங்காலை மடக்கச் சொன்னேன். இறங்க இறங்க வலி ஏறியது. ஒற்றைக் காலில் துள்ளியபோது இன்னும் கூடியது. ஆனால் இடம் மட்டும் மாறவே இல்லை. சுமை ஏறினால் வலியும் ஏற வேண்டும், வலி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். தசைநாண் வலிக்கு நீங்கள் சொன்ன அடையாளம் இதுதானே?

அடுத்த கேள்வியும் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான்: சமீபத்தில் என்ன மாறியது? பரீட்சைக்காக ஒரு மாதம் விளையாடாமல் இருந்தவள், நேராகப் பயிற்சி முகாமுக்குப் போய் முதல் நாளே முழு அளவில் குதித்திருக்கிறாள். எந்த ஸ்கேனிலும் விழாத தகவல் இது.

படத்தை ஓரமாக வைக்கும் துணிச்சல் எனக்கு உங்கள் ஆய்வுகளிலிருந்துதான் வந்தது. முழங்காலில் வலியே இல்லாத இளம் கூடைப்பந்து வீரர்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தீர்கள். அவர்களிலும் பலருடைய தசைநாணில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. சில திட்டுகள் பின்னால் மறைந்தன, சில அப்படியே இருந்தன; வலியோ தனிக் கணக்காக இருந்தது. 2009-இல் கிரெய்க் பர்டமுடன் எழுதிய கட்டுரையில், தசைநாண் ஒரே நாளில் கெடுவதில்லை, சுமைக்கேற்பப் படிப்படியாக மாறுகிறது என்று விளக்கினீர்கள். டோனட்டின் ஓட்டையை விட்டுவிட்டு டோனட்டைக் கவனியுங்கள் என்பீர்களே, அதை இங்கே மெதுவடை ஆக்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கெட்ட பகுதியைச் சுற்றித் தசைநாண் தடித்து, நல்ல இழைகளை வேண்டிய அளவு வைத்திருக்கிறது என்று அந்த அப்பாவுக்குப் புரியவைக்க வடைதான் கைகொடுத்தது.

எங்கள் ஆட்டத்துக்கு முழங்கால் தசைநாண் வலி சின்ன விஷயமில்லை. நார்வேயின் உச்சநிலை வீரர்களை வைத்து 2005-இல் வந்த ஆய்வில், ஆண்கள் வாலிபாலில் நூற்றுக்குச் சுமார் 45 பேருக்கும், கூடைப்பந்தில் 32 பேருக்கும் இந்த வலி இருந்தது. இவர்களையெல்லாம் குதிக்கவே கூடாது என்று சொன்னால் பாதி அணியை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கையால் கண்டுபிடிப்பது பழைய வித்தை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குதிகால் தசைநாண் அறுந்ததா என்று பார்க்க இங்கிலாந்தின் சிம்மண்ட்ஸ் 1957-லேயே வழி சொன்னார்: ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலைப் பிசைய வேண்டும். பாதம் அசையாவிட்டால் அறுந்துவிட்டது. இவ்வளவு எளிய சோதனை இருந்தும் பல நேரம் கோட்டை விடுகிறார்கள், “நடக்கிறானே!” என்று. 2013 ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் அறுந்த குதிகால் தசைநாணோடு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நடந்து போய், இரண்டையும் கூடையில் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். கால்விரல்களை மடக்கும் தசைகளும் பாதத்தைக் கொஞ்சம் கீழே தள்ளும். அதனால் நடையை நம்பக் கூடாது. இங்கே ஸ்கேனுக்கும் வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கை முதலில் போக வேண்டும்.

அந்தப் பெண்ணைக் குதிக்காமல் முடக்கிப் போடவில்லை. குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, கனமான எடைப் பயிற்சி கொடுத்து, மறுநாள் காலை வலி எப்படி என்று கேட்டுக் கேட்டு ஏற்றினோம். இப்போது ஆடுகிறாள். தொந்தரவு அறவே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தொடர்ச்சியாக மேட்ச் இருக்கும் வாரங்களில் காலையில் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். கிழிசல் ஆறிவிட்டதா என்று பார்க்க இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நிற்கிறார். மகள் அடிக்கும் ஸ்மாஷைப் பார்த்த பிறகும் அவருக்குப் படம்தான் வேண்டும். படம் பழையபடியே இருக்கலாம், அதைப் பார்த்து மறுபடியும் பயந்துவிடுவீர்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. இந்தப் பக்கம் எப்போதாவது வந்தால் அவரிடம் நீங்களே இரண்டு வார்த்தை பேசுங்கள். வடைக்கும் காபிக்கும் நான் பொறுப்பு.


வாலிபால் அணியொன்றின் ஃபிசியோ