கலிங்கு இல்லாத ஏரி

சிட்னியின் புறநகர் ஒன்றில், வாடகைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், நாங்கள் இருவரும் தவளை வளர்க்கத் தொடங்கிய செய்தி ஊரில் பெரும் சிரிப்பை உண்டாக்கியது. மழை பெய்தால் கொல்லைப்புறத்தில் தானே வந்து அமரும் ஓர் உயிருக்கு அரசு உரிமமும் கண்ணாடித் தொட்டியும் எதற்கு என்றார்கள். நியாயமான கேள்விதான். அதன் முழுப்பொருள் எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது.

ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும் இயல்பாக வாழும் பச்சை மரத்தவளைகள் இரண்டு. அவற்றுக்காகத் தொட்டியின் அடியில் மூன்று செ.மீ. உயரத்துக்குச் சரளை பரப்பினோம், அதன்மேல் கொசுவலை, வலைக்கு மேல் தேங்காய் நார்த்தூளும் உலர்ந்த இலைகளும். மூலையில் ஒரு நீர்க்குழியை மண்ணோடு மண்ணாகப் பதித்தோம். வடிகால் அமைத்துவிட்ட நிம்மதியில், தவளை என்றால் ஈரம்தானே என்று காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம்.

மூன்றாம் வாரத்தில் தொட்டியைத் திறந்தபோது அழுகிய முட்டையின் நாற்றம். ஒரு தவளை இரை எடுக்கவில்லை. அதன் அடிவயிறும் தொடையின் உட்புறமும் சிவந்திருந்தன. கால்நடை மருத்துவர் பாக்டீரியாத் தொற்று என்றார். நான்காம் நாள் அது இறந்தது.

தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றுத் தோலின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. எந்த நீரில் அமர்கிறதோ அந்த நீரே அதன் உடலுக்குள் செல்கிறது. கழிவையும் அதே நீரில்தான் விடுகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. எங்கள் வீட்டுத் தவளையோ, எங்கள் அறியாமை தேங்கிய நீரில் தோலால் கெட்டது.

எங்கே பிழை? சரளை நீரை வெளியேற்றாது. மறைத்து மட்டுமே வைக்கும். நுண்ணிய நார்த்தூள் நீரைத் தன் துளைகளில் பிடித்துக்கொள்ளும்; நன்றாக ஊறிய பிறகே கீழுள்ள சரளைக்கு விடும். சரளையில் தேங்கிய நீர் உயர்ந்து நார்த்தூளைத் தொட்டுவிட்டால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் மீண்டும் மேலே ஏறும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில்தான் நாற்றம் பிறக்கிறது. ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்த எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மிகைநீர் வழியக் கலிங்கு இல்லாமல் எந்த ஏரியையும் நம் முன்னோர் கட்டவில்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். சரளையை ஆறு செ.மீ. ஆக்கினோம். ஒரு மூலையில் தொட்டியின் அடிவரை பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் வாயை வலையால் மூடினோம். கண்ணாடி வழியே நீர்மட்டம் தெரியும். சரளையின் பாதியைத் தொடுமுன் மெல்லிய ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்துவிடுகிறோம். பதித்த குழிக்குப் பதிலாகக் கையில் எடுத்துக் கழுவக்கூடிய அகன்ற கிண்ணம். அமர்ந்த தவளையின் பாதி உயரத்துக்கு மட்டும் நீர். ஏறிவர ஒரு கல். நீரைத் தினமும் மாற்றுகிறோம். குழாய்நீரில் குளோரமின் கலந்திருந்தால் இரவு முழுதும் திறந்து வைத்தாலும் போகாது என்பதால், அதை நீக்கும் மருந்தைச் சேர்க்கிறோம். தெளிப்பதும் குறைந்துவிட்டது, இந்தத் தவளைக்கு அவ்வளவு ஈரம் தேவையே இல்லை.

எடுத்த நீரைத் தோட்டத்தில் ஊற்றுவதில்லை. இந்நாட்டின் தவளையினங்கள் பலவற்றை அழித்த கைட்ரிட் பூஞ்சை நீர்வழியே பரவக்கூடியது. எனவே சலவை பிளீச் கலந்து வைத்திருந்து, பிறகே கழிவறையில் ஊற்றுகிறோம்.

எஞ்சிய தவளை இரவில் கிண்ணத்துக்கு வந்து, வயிற்றை நீரில் அழுத்தி, அசையாமல் அமர்ந்திருக்கும். நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். கொல்லைப்புறத்தில் மண்ணும் வெயிலும் ஓடைகளும் கேளாமல் செய்த வேலையை இங்கே நாங்கள் செய்தாக வேண்டும். ஒருநாள் மறந்தாலும் அதன் விலையைக் கொடுப்பது நாங்கள் அல்ல. விடிந்ததும் இருவரில் ஒருவர் குனிந்து சரளையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறோம். இன்னொரு தவளை வாங்குவதைப் பற்றி இருவருமே இதுவரை பேசவில்லை.