நீர்விளிம்பில் யானைகள்

தேக்கடி, மார்ச் 9, காலை 7.30

ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது காட்டுக்குள் தேங்கிய நீரே இன்று சுற்றுலாப் படகுகள் செல்லும் ஏரியாக இருக்கிறது. அன்று மூழ்கிய மரங்களின் கரிய தண்டுகள் நூறாண்டுகளைக் கடந்தும் நீருக்கு மேலே நிற்க, அவற்றின் உச்சியில் பாம்புத்தாராக்கள் சிறகு விரித்து ஈரம் உலர்த்துகின்றன. சுரங்கம் வழியே கிழக்கே சென்று கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாயும் நீர், கோடையில் மட்டம் தாழ்ந்து விட்டுச்செல்லும் சேற்றுக்கரையில் இளம்புல் முளைப்பதால், யானைகள் மேய்ச்சலுக்காகக் கரைக்கு இறங்குகின்றன. அணையைப் பற்றிக் கேரளமும் தமிழ்நாடும் நடத்தும் வாதங்களில் இந்த யானைகளுக்கும் ஓர் இடம் உண்டு.

அதே நாள், மாலை

மூத்த பிடி, அதாவது கூட்டத்தை நடத்தும் பெண் யானை, புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்த்த பிறகே வாயிலிட்டது. தும்பிக்கையைப் பயன்படுத்த இன்னும் பழகாத கன்று வாயையே நீரில் வைத்துக் குடித்தது. வட பசிபிக் கரையோரங்களில் படகிலிருந்து மக்கள் காணும் ஓர்க்காக்களும், அதாவது கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் பெற்றிருந்தாலும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த பாலூட்டிகளும், யானைகளைப் போலவே மூத்த தாயின் பின்னே செல்கின்றன. ஆயினும் சால்மன் உண்ணும் ஓர்க்காக்களில் மகன் ஆயுள் முழுவதும் தாயோடு இருக்க, ஆண் யானை பருவம் எய்தியதும் கூட்டத்தைப் பிரிந்துவிடுகிறது. யானையைக் கண்டதும் படகிலிருந்த பயணிகள் எழ முற்பட, பணியாளர் உடனே அமரச் செய்தார். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நினைத்தால் அக்கண்டிப்பு மிகவும் தேவையானது. இயந்திர இரைச்சல் நெருங்கியபோது பிடி காதுகளை விரித்துக் கன்றை உடலுக்குப் பின்னே தள்ளியது.

பரம்பிக்குளம், மார்ச் 12

பாலக்காடு மாவட்டத்தின் இக்காட்டிற்குச் சாலைவழி தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் ஊடாகவே அமைந்துள்ளது. இங்கு துடுப்பால் செலுத்தப்படும் மூங்கில் தெப்பம் தொலைவிலேயே நின்றதால், கரையிலிருந்த யானைக்கூட்டம் தலை நிமிராமல் மேய்ந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், அழியும் நிலையிலுள்ள தன் ஓர்க்காக்களிடமிருந்து படகுகள் 1000 கஜம் விலகியிருக்க வேண்டும் என 2025 முதல் சட்டத்தால் கட்டாயமாக்கியுள்ளது. தேக்கடியின் குறுகிய நீர்க்கிளைகளுக்கு அத்தனை தொலைவு பொருந்தாது. ஆனால் கன்றுள்ள கூட்டம் தென்படும்போதாவது இயந்திரத்தை நிறுத்தி எட்ட நிற்பதை அங்கும் கட்டாய விதியாக்க வேண்டும்.