பந்தியும் பாடமும்

நல்லாசிரியர் யார் என்று கேட்டால், தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கித் தந்தவரைக் காட்டுகிறோம். ஓய்வு பெறும் நாளில் பொன்னாடை போர்த்தி, முப்பது ஆண்டு உழைத்தார், முப்பத்தைந்து ஆண்டு உழைத்தார் என்று பாராட்டுகிறோம். பாராட்டட்டும், வேண்டாமென்பாரில்லை. ஆனால், கரும்பலகையில் எழுதியதை மட்டும் கணக்கிட்டால் போதுமா? விடுதியோடு கூடிய பள்ளியில், கடைசி மணி அடித்ததும் பாடம் முடிந்துவிடுவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் தொடங்கி, இரவு விளக்கணையும் வரை அது நடந்துகொண்டே இருக்கிறது. யார் வாளி முதலில் நிறைகிறது, யார் பாய்க்கருகில் யார் பாய் விரிகிறது, உணவுக்கூடத்தில் யார் பக்கத்தில் யார் அமர்கிறார் - ஏட்டில் இல்லாத இந்தப் பாடங்களைப் பிள்ளைகள் எந்நாளும் மறப்பதில்லை.

ஏழாண்டுகள் விடுதியில் வளர்ந்தவள் நான். இன்று நொச்சிக்குப்பத்தில் குடியிருந்து, அருகிலுள்ள பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் வகுப்பில் ஒரு சிறுமி, கணக்கில் புலி. உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தால் இன்னும் உயர்வாள் என்று அவள் தாயிடம் சொன்னேன். லூப் சாலை அங்காடியில் மீன் விற்பவர் அவர். செலவு எவ்வளவு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ வேறு.

"அங்க எம் பொண்ணும் எல்லாரு கூடவும் ஒண்ணா குந்தி சோறு துண்ணுமா டீச்சர்? கவிச்சி வாடைன்னு ஒதுக்கி வெச்சிட மாட்டாங்களே?"

பள்ளி வாயிலை மிதித்தறியாத தாயின் கேள்வி அது. தமிழகத்தின் நூறாண்டு வரலாறே அதற்குள் அடங்கியிருக்கிறது, தோழர்களே!

1922ஆம் ஆண்டு, நெல்லைச் சீமையில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் கண்டார். சேரன்மாதேவியில் அது நடந்தது. நாட்டு விடுதலைக்காக நாடு கடந்து வாழ்ந்தவர் அவர். வள்ளுவரின் குறளை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தவர். தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டி 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. எல்லாரும் தந்த பணம், எல்லாருக்குமான பள்ளி. ஆனால் பந்தி? பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் வெகுண்டெழுந்தனர். 1925ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டபோது பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்த வெளியேற்றத்துக்கு வழிவகுத்தவற்றுள் குருகுலத்துப் பந்தியும் ஒன்று. ஒரு வரிசை இலை, ஒரு நாட்டின் அரசியலைத் திருப்பிவிட்டது!

எங்கள் குப்பத்திலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் ஐஸ் அவுஸ் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842இல் எழுந்த கட்டடம். பிற்காலத்தில் அங்கே பனிக்கட்டிக்குப் பதில், உறைந்துபோன உள்ளங்கள் குடியேறின. குழந்தைப் பருவத்திலேயே தாலியறுத்து மூலையில் தள்ளப்பட்ட பெண்கள் அவர்கள். அழைத்துவந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் பால்ய விதவையே. 1911இல் பட்டம் பெற்று, அதையடுத்து நான்கு சிறுமிகளோடு இல்லம் தொடங்கியவர். 1922 முதல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைவி. 'இனி உனக்கு வாழ்வில்லை' என்று சாத்திரம் தீர்ப்பளித்த பெண்களை ஆசிரியைகளாக்கி அனுப்பினார். அந்தத் தொண்டை மதிக்கிறோம். எனினும் அந்த விடுதி பார்ப்பன விதவைகளுக்கென்றே இருந்தது. கைம்மைக் கொடுமையை உடைத்த கை, சாதித் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.

திறந்த கையும் இந்த நகரிலேயே இருந்தது. சுப்புலட்சுமி பிறந்த அதே 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையிலிருந்து தப்பிவந்த பெண்கள் அவர் வாயிலில் நின்றபோது, சாதி பார்த்துச் சேர்க்கும் விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. என்ன செய்தார்? தம் வீட்டையே விடுதியாக்கினார். 1930இல் அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். அடையாற்றில் இன்றும் இருக்கிறது.

2025ஆம் ஆண்டு, தமிழக அரசு தன் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயரிட்டது. வரவேற்கிறோம். பலகை மாறியது போலப் பந்தியும் மாறவேண்டுமே! அதை மாற்ற அரசாணை மட்டும் போதாது, ஆள் வேண்டும்.

அப்படி ஒருவரை நான் அறிவேன். நான் படித்த விடுதியில், மீனவர் வீட்டுப் பெண்ணொருத்தியின் தட்டைச் சிலர் தனியே கவிழ்த்து வைத்தார்கள். எங்கள் வார்டன் அம்மையார் அடிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. அன்றிரவு அந்தத் தட்டை எடுத்துத் தாமே அதில் உண்டார். மறுநாள் முதல், அவரவர் இடம் என்பதே கிடையாது. ஒவ்வொரு வேளையும் வரிசை மாறும், அவரும் வேறு வேறு வரிசையில் அமர்வார். ஓய்வு பெறும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகளும் அவர் தனியே உண்டதில்லையாம். எத்தனை பேரைத் தேர்ச்சி பெறச் செய்தார் என்பது எனக்கு நினைவில்லை. அந்தத் தட்டு நினைவிருக்கிறது.

ஆகவே, அந்தத் தாய்க்கு வாயால் விடை சொல்ல நான் விரும்பவில்லை. சேர்க்க நினைத்த பள்ளிக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றேன். பகல் உணவு வேளையில் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டேன். தட்டுகள் கலந்தே கிடந்தன. காப்பாளரும் தரையில்தான் அமர்ந்தார். திரும்பிவந்து கண்டதைச் சொன்னேன். பெண்ணை அனுப்பியிருக்கிறார், மாதமொரு முறை நானும் சென்று ஒருவேளை உண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மேடைதோறும் சமத்துவம் முழங்கும் தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு மாணவர் விடுதி இருக்கும். அதன் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்க வேண்டாம். சோறு போடும் வேளையில் செல்லுங்கள். யார் பக்கத்தில் யார் என்று பாருங்கள். பிறகு, நீங்களும் அமருங்கள்.