பெயர் சொல்லி அழையுங்கள்

1854-இல் தோன்றிய ‘தமிழ்க் கூலி மிஷன்’, பெயரிலேயே எம்மவரைக் கூலியென்றது. எனினும் அதன் உபதேசியார்கள் இலங்கைத் தோட்டங்களில் எழுத்தறிவித்தனர். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆனாலும் பணி முடியவில்லை.

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் திருச்சபையின் மாலை வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களே! பெற்றோர் விடியலில் இறப்பர்ப்பால் வெட்டச் சென்றபின் தம்பியைச் சுமக்கும் சிறுமி, சோர்ந்துதான் வருவாள். தாமதத்தைக் குற்றமாக்காதீர்கள், லயத்துக்குச் சென்று காரணம் அறியுங்கள். வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே முடிக்கச் செய்யுங்கள். தமிழைப் பிழையின்றி எழுதவும், அயற்கிராமத்துச் சிங்களத்தை அச்சமின்றிப் பேசவும் பழக்குங்கள். மதம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்.

ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். நாமும் லயத்துப் பிள்ளைகளே. எம்மைத் தேடி லயத்துக்கு வந்து, பெயர் சொல்லி அழைத்த ஆசிரியரை இன்றும் மறந்தோமில்லை.